மேரிவேல் தோட்டத்துப் போர்க்கப்பல்

ஒரு விடுகதை போடுகிறேன். எல்லோரையும் காக்க வரும். அதைக் காக்க எல்லோரும் வேண்டும். அது என்ன?

காவல் நாய் என்று சொன்னவர்கள் உட்காரலாம். நாய் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அமைச்சர் என்று சொன்னவர்களுக்குப் பாதிப் புள்ளி. சரியான விடை போர்க்கப்பல். மேரிவேல் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மேரிவேல் டிக்கோயாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம். கடலைப் பார்க்க வேண்டுமானால் அங்கிருந்து அரை நாள் பஸ்ஸில் போக வேண்டும். தோட்டத்தின் நடுவே ஒரு நீர்த்தேக்கம். இந்தக் கரையில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், அந்தக் கரையில் பாடசாலை. சண்முகவடிவு என்ற பெண் தன் தட்டைப் படகில் பிள்ளைகளை ஏற்றிப் பத்து நிமிடத்தில் அக்கரை சேர்ப்பார். கரையைச் சுற்றி நடந்தால் இரண்டரை மணி நேரம் ஆகும்.

கொழும்பில் உள்நாட்டு நீர்ப்பரப்புப் பாதுகாப்பு அதிகாரசபை என்றொரு அலுவலகம் இருந்தது. ஆண்டு முடிவதற்குள் ஒரு போர்க்கப்பல் வாங்காவிட்டால், போர்க்கப்பல் வாங்குவதற்கான ஒதுக்கீடு மறு ஆண்டு கிடைக்காது. ஆகவே வாங்கினார்கள். வாங்கிய பிறகு வைக்க இடம் தேடினார்கள்.

“கடலில் விடலாமே” என்றார் ஓர் எழுதுவினைஞர்.

“கடலில் அலை அடிக்கும். இவ்வளவு விலை கொடுத்த பொருளை அங்கேயா விடுவது?” என்று கேட்டார் பணிப்பாளர். எழுதுவினைஞருக்கு இடமாற்றம் கிடைத்தது. கப்பலுக்கு மேரிவேல் கிடைத்தது.

‘நீர்க்கவசம்’ என்ற அந்தக் கப்பல் லொறியில் ஏறி, கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் ஒன்பது நாள் திணறி வந்து சேர்ந்தது. தோட்டத்து மக்கள் நாங்கள் மேளம் அடித்து வரவேற்றோம். கட்டளை அதிகாரி கணேசமூர்த்தி வெள்ளைச் சீருடையில் இறங்கினார்.

“எதிரி யாருங்க ஐயா?” என்று கேட்டார் சண்முகவடிவு.

“அது இரகசியம்.”

“எங்களுக்கா?”

“எங்களுக்கும்தான்.”

கூட்டம் கைதட்டியது. அந்த வாரமே பைஸர் நானாவின் கடையில் கப்பல் வடிவில் சுட்ட பனிஸ் ரொட்டி வந்தது. முன்னே கூர், பின்னே தட்டை என்று முடி வெட்டிக்கொள்வதற்குக் கப்பல் வெட்டு என்று பெயர். கொழுந்து நிறுக்கும் அழகுமுத்து ஐம்பது வயதில் அந்த வெட்டு வெட்டிக்கொண்டார். கல்யாண மாப்பிள்ளைகள் கொத்மலையிலிருந்தெல்லாம் வந்து கப்பல் முன்னால் படம் எடுத்தார்கள்.

இரண்டாவது வாரம் சண்முகவடிவின் படகு கப்பலை உரசியது. சுரண்டல் ஒரு விரல் நீளம். பழுதுபார்க்க வெளிநாட்டு நிபுணர் இருவர் வந்து போனார்கள். உடனே சட்டம் பிறந்தது: நீர்க்கவசத்தைச் சுற்றி இருநூறு மீட்டருக்குள் எந்தக் கலமும் வரக்கூடாது. நீர்த்தேக்கத்தின் அகலமே முந்நூறு மீட்டர். கப்பல் நட்ட நடுவில் நின்றது.

“அப்ப புள்ளைங்க பள்ளிக்கூடம் போறது?” என்று கேட்டார் சண்முகவடிவு.

“உங்களுக்குப் படகு வேண்டுமா, கப்பல் வேண்டுமா?” என்று கூட்டத்தில் கேட்டார் கணேசமூர்த்தி.

எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் எதிலும் கப்பல் இல்லை. நாங்கள் கையைத் தூக்கினோம். அழகுமுத்து இரண்டு கையையும் தூக்கினார். அவருடைய மகள் சுதர்ஷினி ஐந்தாம் தரம் படிக்கிறாள். அடுத்த மாதம் புலமைப்பரிசில் பரீட்சை. மறுநாளிலிருந்து அவள் இருட்டோடு எழுந்து நடந்தாள். வகுப்பில் கணக்குப் பாடத்தில் தூங்கினாள்.

இந்நிலையில் ஒரு காகம் கப்பலின் ராடார் மீது அமர்ந்து தன் கடமையை முடித்துப் பறந்தது. வான்வழித் தாக்குதலுக்குக் கப்பல் வசதியாக இருக்கிறது என்பது அதிகாரசபைக்கு அப்போதுதான் உறைத்தது. கப்பலைக் காக்க ஒரு ட்ரோன் வந்தது. அதன் பெயர் ‘கருடப் பார்வை’. அதன் ஒரு சிறகின் விலையில் ஒரு தொங்குபாலம் கட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். “பாலம் பறக்குமா?” என்று அழகுமுத்து கேட்டதும் அவர்கள் அடங்கிவிட்டார்கள்.

கருடப் பார்வை முதல் நாளே பாறையடிக் குளவிக்கூட்டுக்கு மேலே இரைந்தது. குளவிகளுக்கு அதன் விலை தெரியாது. துரத்தின. ஆபத்து வந்தால் கப்பலுக்குத் திரும்ப வேண்டும் என்று ட்ரோனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது ஒழுங்காகத் திரும்பியது, குளவிகளையும் கூட்டிக்கொண்டு. கப்பலில் இருந்த படைவீரர் ஏழு பேரும் தண்ணீரில் குதித்தார்கள். ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. மலைக்குத்தானே போகிறோம் என்று வந்தவர்கள். சண்முகவடிவு படகோடு பாய்ந்து ஏழு பேரையும் அதில் தூக்கிப் போட்டார்.

மறுநாள் அவருக்குக் கடிதம் வந்தது. தடைசெய்யப்பட்ட வலயத்துள் பிரவேசித்தமை: ஏழு தடவை. தலைக்கு ஒன்று.

கோபம் தீராத குளவிகள் கரையைச் சுற்றிப் போகும் பாதையில் புதுக்கூடு கட்டின. பாதையை மூடினார்கள். இப்போது பள்ளிக்கூடத்துக்கு நடந்தும் போக முடியாது.

கப்பலைக் காக்கும் ட்ரோனைக் குளவியிடமிருந்து காக்க, இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் குளவி ராடார் வந்தது. அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் எங்கிருந்து வரும்? இதே நீர்த்தேக்கத்தின் அணைக்கட்டிலிருந்து. அணைக்கட்டு மின்சாரம் தர என்ன செய்ய வேண்டும்? தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். திறந்துவிட்டார்கள். குளவிகள் தெளிவாகத் தெரிந்தன. தண்ணீர்தான் நாளுக்கு நாள் தெரியாமல் போனது.

ராடார் வந்த மூன்றாம் வாரம் நீர்க்கவசம் சேற்றில் உட்கார்ந்தது. கணேசமூர்த்தி கொழும்புக்கு அறிக்கை அனுப்பினார்: “கப்பல் மூழ்கும் அபாயம் முற்றாக நீக்கப்பட்டுள்ளது.” அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. சாப்பாடு வரவில்லை. இதுவரை கப்பலே கரைக்கு வந்து ஏற்றிக்கொண்டது, இனி அது நகராது. சாப்பாட்டுப் படகும் ஒரு கலம்தான்; இருநூறு மீட்டர்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை வந்தது. இடுப்பளவு சேற்றுக்கு நடுவே பழைய ஆறு மட்டும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வளைந்து இருபதடி அகலத்தில் ஓடியது. சண்முகவடிவு சுதர்ஷினியையும் வேறு நான்கு பிள்ளைகளையும் ஒரு பொட்டலத்தையும் படகில் ஏற்றினார். பாதிவழி தாண்டியதும், கப்பலுக்கு நாற்பது மீட்டர் பக்கத்தில், ஒலிபெருக்கி அலறியது.

“நில்! இருநூறு மீட்டர்!”

“தண்ணியே இருபது அடிதான் இருக்கு, இருநூறு மீட்டருக்கு நான் எங்கங்க ஐயா போவேன்?”

“அனுமதிப் பத்திரம் இருக்கிறதா?”

“எங்க குடுக்கிறாங்க?”

“இங்கே. கப்பலில்.”

“அப்ப வாங்கிக்க வரவா?”

“கிட்டே வரக்கூடாது!”

பாடசாலையில் முதல் மணி அடித்தது. சுதர்ஷினியின் கண் நிறைந்துவிட்டது. பென்சில் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் பொட்டலத்தில் என்ன?” என்று ஒலிபெருக்கி மெதுவாகக் கேட்டது.

“ரொட்டியும் சம்பலும்.”

கப்பலில் ஏழு பேர் விளிம்புக்கு வந்தார்கள். நீர்க்கவசம் கொஞ்சம் சாய்ந்தது.

சுதர்ஷினி எழுந்து நின்றாள். “ஐயா, நாங்க இப்ப வலயத்துக்கு உள்ளதான இருக்கோம்?”

“ஆம். பாரதூரமான குற்றம்.”

“அப்ப எங்களை வெளிய அனுப்பணும்ல?”

“உடனடியாக!”

“எந்தப் பக்கம் போனா சீக்கிரம் வெளிய போவோம்? அந்தக் கரைதாங்க கிட்ட.”

கணேசமூர்த்தி அளவுக்கருவியை எடுத்துப் பார்த்தார். விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பிறகு ஒலிபெருக்கி முழங்கியது: “எச்சரிக்கை! மிகக் குறுகிய வழியால், மிக விரைவாக, இந்த வலயத்தை விட்டு வெளியேறுக! மெதுவாகச் சென்றால் நடவடிக்கை எடுக்கப்படும்!”

“ரொட்டியை விட்டுச் செல்க!” என்று பின்னாலிருந்து ஒரு வீரர் கத்தினார். சண்முகவடிவு பொட்டலத்தை எறிந்தார். கப்பலின் மீது விழுந்த முதல் குண்டு அதுதான். அதைத் தடுக்க யாரும் முயலவில்லை.

லயத்துக் கரையில் நாங்கள் கைதட்டினோம். “எவ்வளவு கம்பீரமா உத்தரவு போடுறாரு பாருங்க!” என்றார் அழகுமுத்து.

இரண்டாவது மணிக்கு முன் பிள்ளைகள் பரீட்சை மண்டபத்தில் இருந்தார்கள். வினாத்தாளின் கடைசியில் கட்டுரைக்கு மூன்று தலைப்புகள் இருந்தன: ‘எனது பாடசாலை’, ‘நான் சென்ற படகுப் பயணம்’, ‘நான் ஒரு கப்பலின் தலைவியானால்’. யன்னலுக்கு வெளியே சண்முகவடிவு முழங்கால் வரை சேற்றோடு பிள்ளைகளைக் கூட்டிப்போகக் காத்திருந்தார்.

சுதர்ஷினி மூன்றாவதைத் தெரிவுசெய்தாள்.