நான் முங்கி இல்லை

ஒரு சனிக்கிழமை காலை தலை வாரி, சட்டைக்குப் பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றேன். முக்கியமான அறிவிப்பைப் பனியனோடு செய்தால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

"இன்னையிலேர்ந்து இந்த வீட்டுல யாரும் என்னை முங்கின்னு கூப்பிடக் கூடாது" என்றேன்.

என் மனைவி காபி கலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், "சரி" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் எதற்கும் உடனே சரி என்றதில்லை. மழை பெய்கிறது என்று நான் சொன்னால்கூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜெயித்த மிதப்பில் இன்னொரு காபி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

முங்கி என்றால் என்னவென்று தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 'கடலடிக் காவல்' என்று தொலைக்காட்சியில் ஒரு தொடர். ஒரு நீர்மூழ்கிக் கப்பல், அதில் ஒன்பது பேர், அவர்களுக்கு ஒரு கமாண்டர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தக் கப்பல் யாரையாவது காப்பாற்றக் கடலுக்குள் இறங்கும். இறங்குவதற்கு முன்னால் கமாண்டர் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்து, "முங்கு" என்பார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் பார்க்கிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்க வேண்டும், கப்பல் மேலே வந்த பிறகுதான் விட வேண்டும் என்று எவனோ ஒரு புண்ணியவான் ஆரம்பித்து வைத்தான். ஊர் உலகமெல்லாம் பிடித்துக்கொண்டது. கப்பல் அடியில் இருக்கும்போது விளம்பரம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு திண்டாட்டம்தான். இவர்களுக்கு ஒரு பத்திரிகை 'முங்கிகள்' என்று பெயர் வைத்தது. கேலிக்கு வைத்த பெயர். அதைத் தொப்பியில் அச்சடித்துத் தலையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள், வெட்கமே இல்லாமல்.

நான் அந்தத் தொடரில் ஒரு வாரத்தைக்கூட விட்டவன் இல்லை. ஆனாலும் நான் முங்கி இல்லை. இது ஏன் யாருக்கும் புரிய மாட்டேன் என்கிறது?

என் வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களோடு கதவு வழியாக முதலில் பேசுவது நான்தான். "ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்" என்பேன். சொல்லும்போது எனக்கும் பயமாகத்தான் இருக்கும். அது குரலில் தெரியக் கூடாது. கமாண்டரும் அதைத்தான் செய்கிறார். ஓர் இரும்புப் பெட்டிக்குள் ஒன்பது பேரை வைத்துக்கொண்டு, தன் பயத்தை யாருக்கும் காட்டாமல் விழுங்குகிறார். அந்தக் கண்ணை மூடித் திறக்கிற நேரம் இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் நான் உட்காருகிறேன். எனக்கு அது அவ்வளவு பிடிக்கும். அதைப் போய் முங்கி என்று சொன்னால் எல்லாம் போய் மூக்கு மட்டும்தான் மிஞ்சுகிறது.

மாடிவீட்டுப் பல் டாக்டருக்கும் இதே மனக்குறை. அவரும் நானும் மொட்டை மாடியில் கூடி, பெயரை மாற்றுவது என்று ஏகமனதாக முடிவெடுத்தோம். மாற்றி என்ன வைப்பது என்பதில்தான் மனம் ஏகமாக இல்லை. நான் 'ஆழ்நோக்கர்' என்றேன். அவர் 'நீர்மூழ்கி நேயர்' என்றார். அது கடல் இலாகாவில் வேலைக்கு ஆள் எடுப்பது போல இருக்கிறது என்றேன். ஆழ்நோக்கர் என்றால் கண் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது என்றார் அவர். கடைசியில் அவருக்கு என் கடைவாய்ப் பல் ஞாபகம் வந்து, வாயைத் திறக்கச் சொன்னார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வாதாட முடியாது என்பதால் அன்றைக்குக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ஆனால் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை நான் ஆழ்நோக்கர்தான் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். அதற்கும் சரி என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கூடத்தில் என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். மடியில் ஒரு முறம் நிறைய வெங்காயம் வந்து இறங்கியது.

"என்னது இது?"

"வெங்காயம். உரிச்சுக் குடுங்க."

"ஏம்மா, மணி ஏழு."

"ஏழுதான். எட்டு மணிக்குச் சாப்பிட வேணாமா?"

"வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு என்னை யாரும் தொந்தரவு பண்ண மாட்டீங்களே."

"அது முங்கிக்குங்க. முங்கின்னா ஆறரைக்கே சாப்பாடு போடணும், போன் வந்தா எடுக்கக் கூடாது, குறுக்கே நடக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். ஆழ்நோக்கரை எப்படி வச்சுக்கணும்னு யாரும் எனக்குச் சொல்லித் தரலியே."

அன்றைக்குக் கமாண்டர் ஒரு தீவையே காப்பாற்றினாராம். நான் கண்ணீரோடு பார்த்தேன். வெங்காயம் அப்படி. கப்பல் இறங்குகிற நேரத்தில் கறிகாய்க் கூடை எங்கே என்று கேட்டாள். ஏறுகிற நேரத்தில் குறுக்கே போய் ஜன்னலைச் சாத்தினாள். ஆனாலும் நான் அசரவில்லை. கொள்கை என்று வந்துவிட்டால் வெங்காயத்தையெல்லாம் பார்க்க முடியுமா?

இப்படி நான் வீராப்போடு இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. தொடரின் கடைசிப் பகுதியை எங்கள் ஊர் திரையரங்கில் பெரிய திரையில் போடப் போகிறார்கள். கமாண்டராக நடிப்பவரே வருகிறார். ரசிகர்கள் சார்பில் ஒருவர் மேடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. நான் பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டவன் இல்லை. ஆனால் அவர் பக்கத்தில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து, "நீங்க கண்ணை மூடித் திறக்கிறது எதுக்குன்னு எனக்குத் தெரியும் சார்" என்று சொல்ல வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. தொலைக்காட்சி நிலையத்துக்குப் போன் செய்து விருப்பத்தைச் சொல்லி வைத்தேன். இரண்டு நாளில் ஒரு பெண் கூப்பிட்டாள். நல்ல மரியாதையான குரல்.

"சார், நீங்க முங்கிதானே?"

"இல்லம்மா."

"ஓ. தொடர் பார்க்கிறது இல்லையா?"

"ஒரு வாரம் விடாம பார்க்கிறேன்."

"அப்ப முங்கிதானே சார்?"

"பார்க்கிறவன் எல்லாம் முங்கி இல்லம்மா. சோறு சாப்பிடறவனை எல்லாம் சமையல்காரன்னு சொல்லுவியா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "முங்கிக்குத்தான் சார் நாற்காலி போட்டிருக்கோம். முங்கின்னு போட்டுக்கட்டுமா, வேணாமா?"

நான் ஆழ்நோக்கர் என்பதன் தோற்றத்தையும் வளர்ச்சியையும் விளக்க ஆரம்பித்தேன். வெளியில் இருக்கிறவன் கேலிக்கு வைத்த பெயரை உள்ளே இருக்கிறவன் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டேன். கூட்டத்தில் ஒரு மூக்காக இருப்பது வேறு, ஒன்றை மனசார நேசிப்பது வேறு என்றேன். தொண்டை வறண்டுவிட்டது. ஒரு நிமிஷம் இரும்மா என்று போனை மேஜைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் போன் என் மனைவி காதில் இருக்கிறது. அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர் கிறுக்கியதைக்கூட ஒரு பார்வையில் படித்து மருந்தைக் கையில் கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுப் பழக்கம்.

"ஆமாம்மா, நான் முங்கிதான். பேசலாமே. வந்துடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் அரை மணி நேரம் மூச்சைக் கொடுத்து வாங்க முடியாத நாற்காலியை, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வாங்கிவிட்டாள்.

"என் இடத்தை நீ எப்படி எடுக்கலாம்?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"முங்கிக்குப் போட்ட நாற்காலிங்க அது. நீங்கதான் முங்கி இல்லியே. உங்க இடத்தை நான் எங்க எடுத்தேன்?" பிறகு என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தாள். "கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாமாம். வர்றீங்களா?"

அன்றைக்கு முழுக்க முறைத்துக்கொண்டு திரிந்தேன். மறுநாள் ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. நாற்காலிதானே போயிற்று, பேச்சு போகவில்லையே? அவள் வாய், என் வார்த்தை. ஒரு வாரம் உட்கார்த்தி வைத்துப் பாடம் எடுத்தேன். மேடையில் 'ஆழ்நோக்கர்' என்று குறைந்தது மூன்று தடவை சொல்ல வேண்டும், முங்கி என்ற சொல்லை உலகம் முழுக்கக் கைவிட வேண்டும் என்று கோரிக்கை வைக்க வேண்டும், கடைசியில் வணக்கம் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று தலையாட்டினாள். துணி மடித்துக்கொண்டே ஆட்டினாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அந்த நாளும் வந்தது. திரையரங்கு முழுக்க நீலத் தொப்பி. முன் வரிசையில் எனக்குப் பக்கத்து இடத்தில் இன்னொரு தொப்பி. தொப்பிக்குக் கீழே பல் டாக்டர்.

"டாக்டர், நீங்களுமா?"

"வாசல்ல சும்மா குடுத்தாங்க சார்" என்று தலையைத் தடவிக்கொண்டார். "ஏசி வேற ஓவரா இருக்கு."

நீர்மூழ்கி நேயர் இயக்கம் அந்த இடத்திலேயே கலைந்தது.

மேடையில் கமாண்டர் உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சியில் தெரிவதைவிட ஒல்லி. பக்கத்தில் என் மனைவி, கடைக்கு வந்தவர் சில்லறை எடுக்கும்வரை காத்திருப்பது போல அமைதியாக இருந்தாள். கமாண்டர் நாலு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பி, "உங்கள்ல சில பேருக்கு முங்கின்னு சொன்னா பிடிக்கலையாமே, ஏன்?" என்று கேட்டார்.

நான் எழுதிக் கொடுத்தது போன்ற கேள்வி. ஆழ்நோக்கர், ஆழ்நோக்கர் என்று உதட்டை அசைத்துக் காட்டினேன். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்காதுங்க. அவர் லிஃப்ட் மெக்கானிக். உள்ள மாட்டினவங்ககிட்ட, நான் இருக்கேன் பயப்படாதீங்கன்னு சொல்ற வேலை. அவருக்கும் பயமா இருக்கும், வீட்டுக்கு வந்துதான் சொல்லுவார். நீங்க முங்குன்னு சொல்றதுக்கு முன்னால ஒரு தடவை கண்ணை மூடித் திறப்பீங்க இல்ல, அது எதுக்குன்னு அவருக்குத் தெரியும். அதை மூக்கைப் பிடிக்கிற விளையாட்டா ஆக்கிட்டாங்களேன்னு அவருக்கு வருத்தம்."

கமாண்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப நீங்க ஏன் முங்கி ஆனீங்க?" என்று கேட்டார்.

"நான் டிவியைப் பார்த்து ஆகலைங்க. கப்பல் இறங்குறப்ப பக்கத்துல இவர் முகத்தைப் பார்ப்பேன். மூக்கைப் பிடிக்க மாட்டார், அதுல ரோஷம். மூச்சை மட்டும் பிடிச்சுப்பார். மேல வர்ற வரைக்கும் விட மாட்டார். பக்கத்துல ஒருத்தர் அப்படி உட்கார்ந்திருக்கும்போது நான் மட்டும் எப்படி மூச்சு விடறது? நானும் பிடிச்சுக்குவேன்."

கைதட்டல் எழுந்தது. நான் தட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை மடியில் வெங்காயம் இல்லை. இத்தனை வெள்ளிக்கிழமைகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் திரையை விட்டுக் கண்ணை எடுத்திருந்தால்தானே தெரியும்? சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. ஆழ்நோக்கர் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். கமாண்டர் மேடை ஓரத்தில் நின்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பல் டாக்டர் பிறகு சொன்னார். எனக்குத் தெரியாது. கப்பல் கடைசித் தடவையாக இறங்கி வெகுநேரம் வரவே இல்லை. வந்ததும் நான் விட்ட மூச்சில் முன்னால் இருந்த தோரணம் ஆடியதாம். டாக்டர் எதையும் பெரிதாக்கித்தான் சொல்வார்.

படம் முடிந்ததும் கமாண்டரே என் மனைவியோடு கீழே இறங்கி வந்தார். நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நான் சொல்ல வைத்திருந்த ஒரே வார்த்தையையும் அவள் சொல்லிவிட்டதால் நான் அவர் கையைக் குலுக்கிக்கொண்டே இருந்தேன். அவர் தன் புகைப்படம் ஒன்றை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"உங்களுக்குப் பிடிக்காத பேரைப் போட மாட்டேன் சார். எப்படிப் போடட்டும், சொல்லுங்க."

கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆழ்நோக்கர் என்று தொடங்கினேன். அது ஏன் அப்படி, அதில் ஆழம் என்பது எதைக் குறிக்கிறது, நோக்குவது என்பது வெறுமனே பார்ப்பதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று சுருக்கமாகச் சொல்லத்தான் பார்த்தேன். பின்னால் நீலத் தொப்பிகள் நெருக்கின. யாரோ என் காலை மிதித்தார். கமாண்டர் பாவம், பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், கடைசியில் என் மனைவியைப் பார்த்தார். அவள் எட்டி அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே எழுதி என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அந்தப் படம் இப்போது சட்டம் போட்டு எங்கள் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் நின்று சத்தமாகப் படித்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள்: 'முங்கியின் வீட்டுக்காரருக்கு, அன்புடன்.'