பூபதிராஜாவின் மூன்று கோடுகள்

“கண்ணை மூடிக்கோ சாரே. எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்” என்றாள் ஜிஷா மேடம்.

பூபதிராஜா கண்ணை மூடவில்லை. முப்பது வருடமாக மாங்காய் வியாபாரம் செய்கிறவர். கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்கிப் பழக்கமில்லை.

கேரள எல்லையில், வாளையார் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் அறை. அவருடைய நெற்றி முழுக்க மரத்துப்போகிற களிம்பு தடவியிருந்தது. வெளியே சிமெண்ட் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. மேடம் கைப்பையைத் திறந்து, டிபன் டப்பாவுக்கும் சீப்புக்கும் நடுவிலிருந்து அட்டைப் பெட்டியோடு ஒரு சின்ன மருந்துப் புட்டியை எடுத்தாள்.

“ஐஸ்ல வெக்க வேண்டாங்களா மேடம்?”

“இது வெளிநாட்டு மருந்து சாரே. சூடு தாங்கும்.”

அவர் இங்கே வந்து உட்கார்ந்ததற்கு அழகு ஆசை காரணமல்ல, வியாபாரம்தான். அவருடைய அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் துண்டுக்கடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுகிற வழக்கத்தை மகனுக்கும் பழக்கிவிட்டுப் போனார். மாந்தோப்புகளுக்குப் பேர்போன முதலமடையில் மற்றவர்கள் ஃபோனிலேயே வியாபாரத்தை முடித்துக்கொண்டாலும், பூபதிராஜாவின் ஷெட்டில் இன்னும் துண்டுதான். செருப்பைக் கழற்றிவிட்டு வைக்கோலில் எதிரெதிரே உட்கார்ந்து, வாய் திறக்காமல் விரலால் பேச வேண்டும். மனசுக்குள் நினைப்பது எதிராளிக்குத் தெரியவே கூடாது.

இந்த மனிதர் நினைப்பதோ எதிராளிக்கு அப்படியே தெரிந்துவிட்டது. மச்சினன் மணிகண்டன் ஒருநாள் செல்போனில் பிடித்த வீடியோவைப் பார்த்தபோதுதான் அவருக்கே விஷயம் புரிந்தது. கட்டுபடியாகிற விலை வந்ததுமே நெற்றியில் மூன்று கோடுகள், விபூதிப் பட்டை போட்டாற்போல எழுந்து நின்றன. பொள்ளாச்சி வியாபாரி செல்லத்துரை வருடா வருடம் சரியாக அந்த இடத்திலேயே விலையை நிறுத்திக்கொள்கிற ரகசியம் இதுதான் என்று பூபதிராஜா முடிவு கட்டிவிட்டார்.

“நெத்தியே காட்டிக் குடுக்குதுங்க மாமா. இதுக்கு ஊசி இருக்குது. ஒரே குத்து, நெத்தி சிலேட்டாட்டம் ஆயிரும்” என்று ஃபோனில் வந்த விளம்பரத்தை நீட்டினான் மணிகண்டன். ஆஸ்பத்திரியில் ஆகிற செலவில் பாதிதானாம். இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் அடுத்த ஊசி இலவசமாம்.

பாதி விலை சொல்கிறவன் பழத்திலும் பாதியைத்தான் தருவான் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர் பூபதிராஜா. ஊருக்குத்தானே உபதேசம்!

“அந்தப் புட்டியைக் கொஞ்சம் குடுங்க மேடம், பார்த்துட்டுத் தர்றேன்.”

வெளியூர்க் காயை இறக்கி, பெட்டிமேல் ‘முதலமடை’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற ஆட்களை அவர் கட்டைவிரல் நகத்தாலேயே கண்டுபிடிப்பார். அதே பழக்கத்தில் புட்டியின் லேபிளை ஓரமாக நெம்பினார். பழுத்த பழத்தின் தோல்போல அது உரிந்து வந்தது. அடியில் இன்னொரு லேபிள். அதில் இருந்த வருஷம் எப்போதோ முடிந்துபோனது. அட்டைப் பெட்டியில் ஒரு நம்பர், புட்டியில் வேறு நம்பர்.

“மேடம், நீங்க டாக்டருங்களா?”

“கோர்ஸ் முடிச்சதாணு சாரே.”

“எங்கீங்க?”

“ஆன்லைன்.”

பூபதிராஜா மெதுவாக எழுந்தார். “வண்டியைக் குறுக்கால நிறுத்திப்போட்டனுங்க. தள்ளி நிறுத்திப்போட்டு வந்தர்றேன்.”

தள்ளி நிறுத்தத்தான் செய்தார். முதலமடையில், அவருடைய வீட்டு வாசலில்.

கதை இத்தோடு நல்லபடியாக முடிந்திருக்க வேண்டியது. முடியவிடாமல் செய்தது மனிதருடைய கௌரவம். களிம்பைத் துடைக்காமல் வந்து இறங்கியவரை மணிகண்டன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

“நெத்தி பளபளங்குது! போட்டாச்சுங்களா மாமா?”

பாதியில் ஓடிவந்த கதை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தைப் பத்தடி தூரத்திலேயே மூக்கால் பிடிக்கிற பூபதிராஜா, ஒரு போலி ஊசிக்காரியிடம் நெற்றியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார் என்று ஊரில் பேசினால் என்ன ஆவது?

“போட்டாச்சு மாப்ள” என்றார்.

பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குத் தினமும் தீனி போட வேண்டும். மறுநாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று நெற்றித் தோலை மேலே இழுத்தார். மாம்பழப் பெட்டி ஒட்டுகிற டேப்பை முடியோரமாக ஒட்டி இறுக்கினார். அதன்மேல் உருமால் கட்டிக்கொண்டார். புருவம் இரண்டும் மேலேறி, எந்நேரமும் எதையோ கண்டு அதிசயித்தவர்போல முகம் ஆகிவிட்டது.

அன்றைக்கே செல்லத்துரை வந்தார். எப்போதும் தலையைக் குனிந்தபடியேதான் விலை பேசுவார். பெரியவர்களிடம் அத்தனை மரியாதை. பூபதிராஜா முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு, காலை வைக்கோலில் நீட்டி உட்கார்ந்தார். துண்டு விழுந்தது. விரல்கள் பேசின. விலை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பூபதிராஜா மனசுக்குள் ‘இது போதும்’ என்று நினைத்த அதே இடத்தில் செல்லத்துரை நிறுத்திக்கொண்டார்.

‘டேப் பத்தல’ என்று நினைத்துக்கொண்டார் பூபதிராஜா.

எழுந்தபோதுதான் செல்லத்துரை அவர் முகத்தைப் பார்த்தார். “என்னங்ணா, மொகம் எளசாயிருச்சு?”

“ஊசிங்க!” என்றான் மணிகண்டன், தானே கண்டுபிடித்தவன்போல.

மத்தியானம் மனைவி செல்வப்பிரியா அரிசிம்பருப்புச் சோறு போட்டு, மேலே நெய் ஊற்றினாள்.

“நல்லாருக்குதுங்களா?”

“ம்.”

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவருக்கு டேப்பை நெய் இளக்கிவிடுமோ என்ற கவலை.

இரண்டு நாள் கழித்து அவளே பேச்சை எடுத்தாள். “ஏனுங்க, ஞாயித்துக்கெழமை ஷெட்டைக் கூட்டி வெக்கச் சொல்லியிருக்கறேன். அந்த ஊசி மேடம் வர்றாங்க. மணிதான் ஏற்பாடு. ஊர்ல பாதிப் பேரு பேர் குடுத்தாச்சு. மொத ஊசி எனக்கு.”

பூபதிராஜா தட்டைத் தள்ளி வைத்தார். “உனக்கு எதுக்குடி?”

“உங்களுக்கு எதுக்காம்?”

“பயங்கரமா வலிக்கும் செல்வி!”

“ரெண்டு புள்ளை பெத்தவகிட்ட வலியைப் பத்திப் பேசறீங்களாக்கும்.”

வலி எடுபடவில்லை என்றதும் வேறு வழி பார்த்தார். ஊசியால் கோளாறு வந்துவிட்டதாக, ஒரு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஷெட்டைச் சுற்றி வந்தார். மணிகண்டன் பதறிப்போய் அதைப் படம் பிடித்து மேடத்துக்கு அனுப்பினான். உடனே பதில் வந்தது: ‘இன்னொரு ஊசி போட்டால் சரியாகும். சாருக்கு இலவசம்.’ ஞாயிற்றுக்கிழமைக்கு இப்போது அவர் பெயரும் சேர்ந்துவிட்டது.

அவசரமாக மேடத்தையே ஃபோனில் கூப்பிட்டு, வர வேண்டாம் என்றார்.

“வரலை சாரே. ஆனா, நீங்க ஊசியே போடாம ஓடிப்போனதை எல்லார்கிட்டயும் சொல்லிடட்டுமா?” என்றாள் ஜிஷா மேடம் அன்பாக.

பூபதிராஜா ஃபோனை வைத்துவிட்டார். கடைசியில் அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஆர்த்திக்கு ஃபோன் போட்டார். “ஒரு சிநேகிதருக்குங்க... சுருக்கம் போற ஊசி... லாட்ஜுல வெச்சு...”

“லாட்ஜுலயா? இமை தொங்குதா?” டாக்டரின் குரலே மாறிவிட்டது.

“தொங்கற மாதிரி... இல்லீங்க.”

“முழுங்க முடியுதா? மூச்சு விடச் சிரமம் இருக்கா? இருந்தா இந்த நிமிஷமே கூட்டிட்டு வாங்க. போலி மருந்துல என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு யாருக்குமே தெரியாது. மூச்சே நின்னுபோகலாம்.”

“இன்னும் போடலீங்க.”

“அப்ப போட விடாதீங்க! அவசியம் வேணும்னா தோல் டாக்டர்கிட்டப் போகச் சொல்லுங்க. சீல் உடைக்காத பெட்டியை உங்க சிநேகிதர் கண் முன்னாலயே பிரிக்கணும். அது சரி, எங்க, எப்போ போடறாங்க?”

“ஞாயித்துக்கெழமை, என்ற ஷெட்லதானுங்க” என்று உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பூபதிராஜா ஃபோனை வைத்தார். இத்தனை நாளும் ஊர் சிரிக்குமே என்றுதான் பயம். இப்போது வந்தது வேறு பயம். செல்வி மூச்சு விட முடியாமல் கிடப்பதை நினைத்தபோது அவருக்கே மூச்சு முட்டியது. அப்போதே போய் அவளிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு முறை அடுப்படி வரைக்கும் போனார். இரண்டு முறையும் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் கல்யாண வீடுபோலக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், மோர்ப் பானை. வரிசையில் செல்லத்துரைகூட நின்றார். “என்ற நெத்தியும் கொஞ்சம் வாயாடுதுங்ணா” என்று அசடு வழிந்தார்.

முதல் நாற்காலியில் செல்வப்பிரியா, வாயைச் சுற்றிலும் களிம்போடு. மேடம் கைப்பையைத் திறந்தாள். அதே டிபன் டப்பா, அதே சீப்பு, அதே மாதிரிப் புட்டி. ஊசியில் மருந்து ஏறியது.

“நிறுத்துங்க!”

பூபதிராஜா உருமாலை அவிழ்த்து எறிந்தார். டேப்பை ஒரே இழுப்பாக இழுத்தார். அது முடியையும் சேர்த்துக்கொண்டு வந்தது. “ஐயோ!” என்று அலறிய நெற்றியில், மூன்று இருந்த இடத்தில், டேப்பின் தடத்தோடு சேர்த்து நான்கு கோடுகள் தெரிந்தன.

“நான் ஊசியே போடலீங்க! மருந்து போலின்னு தெரிஞ்சு லாட்ஜுலிருந்து ஓடி வந்துட்டேன். வெளிய சொன்னா மானக்கேடுன்னு மறைச்சுப்போட்டேன். ஒரு வாரமா பெட்டி டேப்பை ஒட்டிக்கிட்டுத் திரியறேன். என்னை என்ன வேணாலும் சொல்லுங்க, ஆரும் அந்த ஊசியைப் போட்டுக்காதீங்க. உசுரு போயிரும்!”

அவர் புட்டியைப் பிடுங்கி நகத்தால் லேபிளை உரித்து, உயர்த்திக் காட்டினார். அடியில் இருந்த லேபிளும் தெரிந்தது. மற்றவர்களுக்கும் அது போதும். ஸ்டிக்கர்மேல் ஸ்டிக்கர் என்றால் என்ன அர்த்தம் என்று முதலமடைக்காரர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

“பில்லு தருவீங்களா மேடம்?” என்றார் செல்லத்துரை.

“எந்த ஆஸ்பத்திரி டாக்டருங்க நீங்க?” என்றது இன்னொரு குரல்.

ஜிஷா மேடம் கைப்பையை மூடினாள். “வண்டி குறுக்கே நிக்குது. தள்ளி நிறுத்திட்டு வரேன்.”

குறுக்கே உண்மையிலேயே ஒரு வண்டி நின்றது. டாக்டர் ஆர்த்தி சொல்லி, மருந்து ஆய்வாளர் வந்த ஜீப் அது.

செல்வப்பிரியா இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. களிம்பை முந்தானையால் துடைத்துக்கொண்டே அவரைக் கூப்பிட்டாள்.

“இங்க வாங்க. நெத்தியைச் சுருக்குங்க.”

“எதுக்கு?”

“சுருக்குங்கங்கறேன்.”

சுருக்கினார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“கல்யாணமாகி இத்தன வருஷத்துல சோறு நல்லாருக்குதுன்னு ஒரு நாள் வாயைத் தொறந்து சொன்னதுண்டுங்களா? இந்த மூணு கோட்டைப் பார்த்துத்தான் நான் தெரிஞ்சுக்குவேன். இந்த வாரம் பூரா கோடே வரல. சோத்தைப் பார்த்தும் வரல, என்னைப் பார்த்தும் வரல. சரி, நான் கெழவியாயிட்டேனாட்ட இருக்குதுன்னு நெனச்சுத்தான் வந்து உக்காந்தேன்.”

இதைக் கேட்டதும் பூபதிராஜாவுக்கு டேப்பைப் பிய்த்ததைவிட அதிகமாக வலித்தது. ஊரே பார்த்துக்கொண்டிருப்பதையும் மறந்துவிட்டார்.

“நல்லாருந்துது செல்வி. தெனமும் நல்லாருந்துது. நீயும்... நல்லாத்தான் இருக்கற.”

மூன்று கோடுகளும் பளிச்சென்று எழுந்து நின்றன. கூட்டம் கைதட்டிச் சிரித்தது. மணிகண்டன் மோர்ப் பானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். செல்வப்பிரியா சிரித்தபோது வாயோரம் விழுந்த கோடு அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. அதையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

எல்லோரும் கலைந்த பிறகும் செல்லத்துரை மட்டும் போகாமல் நின்றார். போகப் பார்த்து, மறுபடியும் திரும்பி வந்தார்.

“அண்ணா, இன்னைக்கு என்ற உசுரையும் காப்பாத்திப்போட்டீங்க. அதுக்காவ ஒண்ணு சொல்றனுங்க. நெத்தி அதும்பாட்டுக்குக் கெடக்கட்டும். அடுத்த சீசன்ல வெலை பேசறப்ப ஷூ போட்டுட்டு உக்காருங்க. வருஷா வருஷம் நான் தலையைக் குனிஞ்சு பார்த்துட்டு இருந்தது, போதும்ங்கற வெலை வந்தா தானா நிமிர்ற உங்க கால் கட்டைவெரலைத்தானுங்க!”