கப்பலில் ஆற்றிய டீ

மானம் கப்பலேறும் என்று சொல்வார்கள். என்னுடையது டிக்கெட் எடுத்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பினாங்கில் ஏறியது.

என் மகள் தர்ஷினி ஒரு சிலோன்காரப் பையனை விரும்பினாள். பையனின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நானோ செமோர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் மகன். ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் வீடு, லாரி கம்பெனியில் சூப்பர்வைசர். "முடிவு சொல்ல முதல் ரெண்டு குடும்பமும் பழகிப் பாப்பம்" என்று அவர்கள்தான் கப்பல் பயணத்துக்கு அழைத்தார்கள்.

என் மனைவி முன்பே எச்சரித்தாள்: "என்னங்க, அங்க வந்து எஸ்டேட்டு வேலய காட்டாதீங்க லா. பிள்ள வாழ்க்கை."

அந்தக் கப்பலிலிருந்து வெள்ளைக்காரன் இன்னும் ஊருக்குப் போகவில்லை. ராஜா ராணி படங்கள், பியானோ, வெள்ளைக் கையுறை போட்ட பரிமாறுபவர்கள். முதல் நாள் இரவு 'மலாயா கறி' என்று ஒன்று வந்தது. உள்ளே ஆப்பிளும் உலர்திராட்சையும் மிதந்தன.

"இது கொழம்பா, பாயாசமா?" என்று மனைவி காதோரம் கேட்டாள். நான் சத்தமாக "வெரி நைஸ்" என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் மாலை, எல்லோரும் டீ குடிக்க உட்கார்ந்தோம். மூன்றடுக்குத் தட்டில் வெள்ளரிக்காய் சாண்ட்விச், ஸ்கோன். (ஸ்கோன் என்பது வறண்டுபோன பன்னுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர்.) வெளிறிய டீ, பால் தனி, சீனி தனி. கலக்கிப் பார்த்தேன். ம்ஹூம். மூன்றும் ஒன்றோடொன்று பேசவே இல்லை. ஈப்போக்காரனுக்கு ஆற்றாத டீ டீயா? பக்கத்தில் ஒரு கப் காலியாக இருந்தது. சத்தியமாக நான் ஒன்றும் நினைக்கவில்லை, கை தானாக உயர்ந்தது.

முதல் தடவை ஆற்றியதிலேயே நுரை வந்தது. இரண்டாவதில் இன்னும் உயர்த்தினேன். (திமிருதான், வேற என்ன?) கப்பல் சாய்ந்தது. டீ வந்த இடத்தில் கப் இல்லை, தலைமையாசிரியரின் வெள்ளைக் கால்சட்டைதான் இருந்தது. நல்லவேளை, வெள்ளைக்காரன் டீ பாதி ஆறித்தான் வருகிறது.

பியானோ நின்றது. தர்ஷினி முகத்தை மூடிக்கொண்டாள். மனைவி பார்த்த பார்வைக்குக் கடலில் குதித்திருப்பேன், நீச்சல் தெரியாது. போச்சு, என் பிள்ளையின் கல்யாணம் போச்சு.

பையனின் அம்மா எழுந்தார். என் கையிலிருந்த கப்பை வாங்கி, மீந்திருந்ததைக் குடித்தார்.

"அப்பாடா, இதெல்லோ தேத்தண்ணி! நேற்றிலிருந்து சுடுதண்ணி குடிச்சு நாக்குச் செத்துப்போச்சு. அண்ணே, எனக்கும் ஒண்டு ஆத்துங்கோ."

அண்ணே என்றார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தலைமையாசிரியர் தொடையைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "எனக்கும் ஒண்டு. ஆனா நான் அங்கால போய் இருக்கிறன்." சொன்னபடியே நாற்காலியை மேசையின் அந்தப் பக்கத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பக்கத்து மேசைகள் வரை சிரித்தன. கையுறைக்காரர் ஒருவர் சத்தமில்லாமல் இரண்டு பெரிய மக்குகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. இப்போது பேத்திக்குப் பேச்சு வரத் தொடங்கியிருக்கிறது. 'தாத்தா' இன்னும் சரியாக வரவில்லை. ஆனால் நான் டீ கப்பைத் தூக்கினால் போதும், தன் குட்டி நாற்காலியை இழுத்துக்கொண்டே "அங்கால" என்கிறாள்.