தசமண்ணை வாசித்த தலையெழுத்து

உலகத்திலுள்ள எல்லா இரும்புக்கும் அப்பன் பெயர் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் தசமண்ணைதான். சொந்தப் பிள்ளைகளையே பெயர் மாற்றிக் கூப்பிடும் தகப்பன்மாரைப் பார்த்திருக்கிறேன். தசமண்ணையோ லொறி எஞ்சினிலிருந்து கழற்றிய, எண்ணெயும் கரியும் பிடித்த ஒரு போல்ட்டை எடுத்து, இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, "இது இங்கிலாந்துக்காரன். தம்பிக்காரன் ஒருத்தன் ஜப்பானில இருக்கிறான். ரெண்டு பேருக்கும் கதை பேச்சில்லை" என்பார். கேட்டவர்களுக்குத் தலை சுற்றும். அவருக்கு மட்டும் எல்லாம் துலாம்பரமாகத் தெரியும்.

சண்டைக் காலம். திருகோணமலைத் துறைமுகத்தில் இறங்கும் மாவையும் சீனியையும் கந்தளாய்ப் பக்கம் ஏற்றிக்கொண்டு போகும் ஒரு லொறிச் சங்கத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். தசமண்ணை எங்கள் ஸ்டோர்காரர். லொறிகளுக்கு வேண்டிய உதிரிச் சாமான்கள் எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய சொந்தப் பெயர் சங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. சில போல்ட்டுகளின் தலையில் எட்டு, ஒரு புள்ளி, மறுபடி எட்டு என்று கொத்தியிருக்கும். அதை அளவு என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். "எட்டுத் தசம் எட்டு எண்டா அளவும் இல்லை, செய்தவன்ரை பேரும் இல்லை. அது அதின்ரை பலம்!" என்று ஸ்டோரே அதிரும்படி கத்துவார். அப்படி வந்த பெயர் தசமண்ணை.

ஒருநாள் நானும் விஷயத்தை விளங்கிக்கொள்வோம் என்று போய் உட்கார்ந்தேன். அவர் ஒரு போல்ட்டின் தலையைக் காட்டினார். மூன்று கோடுகள் இருந்தன.

"இது என்ன தரம், சொல்லுங்கோ தம்பி."

"மூண்டாம் தரம்."

"பிழை. அஞ்சாம் தரம்."

இன்னொன்றைக் காட்டினார். ஆறு கோடுகள்.

"அப்ப இது ஆறாம் தரமில்லை" என்றேன், கெட்டித்தனமாக.

"ஓம். எட்டாம் தரம். கோட்டோடை ரெண்டைக் கூட்டவேணும்."

"ஏன் கூட்டவேணும்?"

தசமண்ணை என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அது அப்பிடித்தான் தம்பி" என்றார். என் படிப்பு அன்றோடு முடிந்தது.

எங்கள் மெக்கானிக் சூசைக்கு இதெல்லாம் பெரிய கரைச்சல். மற்ற ஸ்டோர்களில் போல்ட்டுகளை அரை இஞ்சி, முக்கால் இஞ்சி என்று அளவுப்படி அடுக்கி வைப்பார்கள். தசமண்ணை குடும்பம் குடும்பமாக வைத்திருந்தார். தலையில் முக்கோணம் போட்டவர்கள் ஒரு டின்னில், இரட்டைச் சுழிக்காரர் இன்னொரு டின்னில். எழுத்தே இல்லாத அநாதைகளுக்கு ஒரு பழைய பால்மா டின். சூசை எஞ்சினுக்கு அடியில் கிடந்தபடி, "அண்ணை, அரை இஞ்சி போல்ட் ஒண்டு தாங்கோ!" என்று கத்துவான்.

"எந்த வீட்டுப் பிள்ளை?"

"எந்த வீட்டுப் பிள்ளையெண்டாலும் பரவாயில்லை, அரை இஞ்சி!"

"அப்பிடிக் குடுக்க ஏலாது சூசை. முன்னம் பூட்டியிருந்தது ஆர் எண்டு தெரியவேணும்."

"உங்களுக்கு விசர்!" என்பான் சூசை. விசர் என்றால் எங்கள் பக்கத்தில் பைத்தியம். இந்தச் சொல் விழாமல் எங்கள் கராஜில் ஒரு பொழுதும் விடிந்ததில்லை.

வேலையோடு இந்தப் பழக்கத்தை அவர் விட்டுவிடவும் இல்லை. எங்கள் டிரைவர் ஒருவரின் தகப்பன் பாலையூற்றில் இறந்துபோனார். சவப்பெட்டி மூடுகிற நேரம், தசமண்ணை பெட்டிக்கு மேலே குனிந்து, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்ந்து, நெடுநேரம் நின்றார். எவ்வளவு பாசம் என்று சனம் கண்ணைத் துடைத்தது. அவர் நிமிர்ந்து, அழுதுகொண்டிருந்த, செத்தவரின் பெண்சாதியிடம் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, பாத்தனான். ஒண்டிலையும் பேர் இல்லை."

மூடியில் திருகிப் பூட்டியிருந்த புரியாணிகளைத்தான் சொன்னார். அந்த அம்மாவோ அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு, "கடைசியிலை ஆருக்கும் ஒரு பேரும் இல்லை எண்டு அந்த ஐயா எவ்வளவு பெரிய கதையைச் சொல்லிப்போட்டுப் போனார்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லி அழுதார். அதன்பிறகு பாலையூற்றில் தசமண்ணை நடந்துபோனால் சிலர் எழும்பி நிற்பார்கள். ஏன் நிற்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஒரு நாள் சிரிப்பு நின்றது.

சங்கத்தின் நீல லொறிக்கு எஞ்சின் பிரித்து வேலை நடந்தது. எஞ்சினுக்குள்ளே பிஸ்டன் தண்டுகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் மாற்றவேண்டும் என்று சூசை சொல்ல, சங்கத்து மனேச்சர் கொழும்பிலிருந்து புதிதாக எடுப்பித்தார். தசமண்ணை ஒன்றைக் கையில் எடுத்தார். முகம் மாறியது.

"இது கள்ளச் சாமான். எழுத்தின்ரை வால் மற்றப் பக்கம் வளையவேணும்."

"வால் எந்தப் பக்கம் வளைஞ்சால் என்ன?" என்றார் மனேச்சர்.

"ஓடேக்கை போல்ட் அறுந்தால் தண்டு எஞ்சினைப் பிளந்துகொண்டு வெளியாலை வரும் சேர். கந்தளாய் றோட்டிலை, காட்டுக்குள்ளை."

அந்த நாளில் அந்தக் காட்டு றோட்டில் லொறி நின்றுவிட்டால் என்ன நடக்கும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் தசமண்ணை சொல்வதை நம்புவதா? முந்தின கிழமைதான் மேசை விசிறியின் போல்ட்டைப் பார்த்துவிட்டு, இது நல்ல குடும்பமில்லை என்று விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க வேலை செய்தவர். மனேச்சர், "பேசாமல் பூட்டு சூசை" என்றார். சூசை தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் புதுப் போல்ட்டுகளும் இல்லை, ஸ்டோரில் இரண்டு மூன்று டின்களும் வெறுமை, தசமண்ணையும் இல்லை.

மத்தியானம் போல ஒரு பஸ் கொண்டக்டர் மூச்சு வாங்க ஓடிவந்தான். "உங்கட ஸ்டோர்காரரைச் சீனன்குடாப் பக்கம் ஆமிச் சென்றியிலை பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள். ஒரு உமல் நிறையப் போல்ட்டாம்!"

குண்டுக்குள் போல்ட்டும் நட்டும் அடைத்து வெடிக்க வைத்த காலம் அது. எண்ணெய்த் தாங்கிகளும் விமானத் தளமும் இருக்கிற இடத்துக்கு, பனையோலைப் பை நிறைய இரும்பு கொண்டு ஒரு மனிதன் நடந்து போயிருக்கிறான். மனேச்சருக்கு உடனே தலையிடி வந்துவிட்டது. சிங்களம் தெரியும் என்று என்னைப் போகச் சொன்னார். யாரும் சொல்லாமலே சூசை கழுவாத கையோடு என் பின்னால் வந்தான்.

சென்றியில் தசமண்ணை ஒரு மண்மூட்டையில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும், "அங்காலை பழைய எஞ்சின் ஒண்டு பிரிச்சுக் கிடக்கு தம்பி. அதிலை அசல் போல்ட் இருக்கு. ஒத்துப் பாக்க வந்தனான். விடுறாங்கள் இல்லை" என்று முறைப்பாடு செய்தார்.

அதிகாரி சிங்களவர். பக்கத்தில் கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய் நின்றான்.

"இவரை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சேர்."

"பேர் என்ன?"

"தசமண்ணை" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

சிங்களத்திலும் தசம என்றால் தசமம்தான். அதிகாரி கையிலிருந்த அடையாள அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதில் வேறு பெயர் இருக்கிறது. தசமம் என்பது என்ன? இயக்கப் பெயரா?"

உதவிக்கு வந்தான் சூசை. "இல்லை சேர்! முழுப்பேர் எட்டுத் தசம் எட்டு!"

சிப்பாய் மொழிபெயர்த்தான். அதிகாரி எழும்பினார். "எட்டுத் தசம் எட்டு என்றால்? நேரமா? தூரமா? எந்த இடத்திலிருந்து?"

இதுவரை சும்மா இருந்த தசமண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "அளவும் இல்லை, நேரமும் இல்லை சேர், பலம்!"

"யாருடைய பலம்?" என்றார் அதிகாரி. சுற்றி நின்ற சிப்பாய்மார் துவக்குகளைக் குறிபார்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் குறுக்கே விழுந்து, இவர் ஸ்டோர்காரர், இவை லொறிப் போல்ட்டுகள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் கொட்டினேன். அதிகாரி கொஞ்சம் ஆறினார். அந்த நேரம் பார்த்துத் தசமண்ணை சிப்பாயிடம், "தம்பி, இது கள்ளப் போல்ட் எண்டு பெரியவருக்குச் சொல்லுங்கோ" என்றார். போலி என்பதைத்தான் அவர் கள்ளம் என்றார். சிப்பாய் அதைத் திருட்டுச் சாமான் என்று மாற்றினான்.

"யாரிடம் திருடியது?"

"போல்ட்டைத் திருடேல்லை சேர். எழுத்தைத்தான் திருடியிருக்கிறாங்கள். வாலைப் பாருங்கோ."

சிப்பாய் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதிகாரியிடம், "ஒரு வால் திருட்டுப் போய்விட்டது என்கிறார்" என்றான்.

அதிகாரி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். நெற்றியைத் தடவினார். பிறகு என்னிடமும் சூசையிடமும் தணிந்த குரலில், "இந்த மனிதருக்குப் பைத்தியமா?" என்று கேட்டார். சிப்பாய் அதைத் தமிழில் திருப்பிச் சொன்னான். அவருடைய முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் விட்டுவிடுவார்.

நான் சூசையைப் பார்த்தேன். நாள் தவறாமல் அவரை விசர் என்று சொல்லிவந்த வாய் அவனுடையது. இன்று ஒரு தரம் சொன்னால் போதும். தசமண்ணையும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூசை தலையைக் குனிந்தான். "இல்லை சேர்" என்றான். "நல்ல மனிசன். எங்கட ஸ்டோர்காரர். இவர் இல்லாட்டி எங்களுக்கு ஒரு போல்ட்டும் தெரியாது."

நான் அவன் காலை மிதித்தேன். பிந்திவிட்டது.

அதிகாரி உமலைக் கவிழ்த்தார். ஒரு போல்ட்டை எடுத்து, "இது?" என்றார். தசமண்ணை சொன்னார். இன்னொன்று. அதையும் சொன்னார். குவியலைக் கலக்கி முதலாவதையே மறுபடி நீட்டினார். "அதுதான் அப்பவே சொல்லிப்போட்டனே சேர்" என்றார் தசமண்ணை. சிப்பாய்மார் ஒவ்வொருவராகக் கிட்ட வந்தார்கள். ஒருவன் தன் டிரக்கிலிருந்து ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து, சாத்திரம் கேட்பவனைப் போல இரண்டு கையாலும் நீட்டினான். "நல்ல வீட்டுப் பிள்ளை. ஆனா இதைத் தனிய விடக்கூடாது, திரும்பக் கொண்டுபோய்ப் பூட்டுங்கோ" என்றார். அவன் ஓடிப்போய்ப் பூட்டினான். அவர் சொன்னவை சரியா பிழையா என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பயந்தவன் இப்படிக் கதைக்க மாட்டான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

கடைசியில் அதிகாரி தொப்பியைப் போட்டுக்கொண்டார். "கூட்டிக்கொண்டு போங்கள். இரும்பு இங்கே நிற்கும்."

சனியன் விட்டது என்று நாங்கள் இழுக்க, தசமண்ணை திரும்பித் திரும்பிப் பார்த்தார். "சேர், மழைக்கை நனைய விடாதையுங்கோ!"

அன்று இரவு அவருக்குக் காய்ச்சல் பிடித்தது. போல்ட்டுகள் திரும்பி வரவேயில்லை. அதனால் அவை அசலா கள்ளமா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. வால் எந்தப் பக்கம் வளைய வேண்டுமென்றும் தெரியாது.

கொஞ்ச நாளில் மனேச்சர் வேறு போல்ட்டுகள் எடுப்பித்தார். நீல லொறிக்குப் பாரம் காத்துக் கிடந்தது. மாவுக்குக் காத்திருந்த பேக்கரிக்காரர்கள் கேற்றடியில் வந்து சத்தம் போட்டார்கள். "பூட்டு சூசை!" என்றார் மனேச்சர்.

சூசை போல்ட் முறுக்கும் சாவியைக் கீழே வைத்தான். "அவர் வரட்டும் சேர்."

"அந்த மனிசன் காய்ச்சல்லை கிடக்குது!"

"அவர் வரட்டும்."

சொல்லி அனுப்பினோம். தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துத் தசமண்ணை வந்தார். ஒரு போல்ட்டை வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார். திருப்பினார். நெடுநேரம் ஆகியது. கேற்றடியில் சத்தம் கூடியது. மனேச்சர் தன் கதிரையை விட்டு எழும்பி வாசலுக்கும் கராஜுக்குமாக நடந்தார்.

"சூசை, எனக்கு எழுத்து ஆடுது" என்றார் தசமண்ணை. "ஆர் எண்டு பிடிபடேல்லை."

சூசை ஒரு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "ஆறுதலாப் பாருங்கோ அண்ணை" என்றான். "ஒரு அவசரமும் இல்லை."

நான் உள்ளே போய், மனேச்சருடைய கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்குப் பின்னால் வைத்தேன்.