ஃபினாவின் கட்டைவிரல்

வலென்சியா,
பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் வோரோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் பத்தீஸ்தா எழுதுவது. நான் சௌக்கியம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதிவிட்டேன், நம்புவது உங்கள் இஷ்டம். பில்பாவோவில் மழை விட்டதா, உங்கள் முழங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றனவா, மகன் வீட்டில் இன்னும் உப்பில்லாமல்தான் போடுகிறார்களா என்றெல்லாம் நான் விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும். நவம்பரில் ஃபினாவின் இறுதிச் சடங்குக்கு வர முடியாமல் போனதற்கு இதோடு ஏழு தடவை போனில் மன்னிப்புக் கேட்டுவிட்டீர்கள். போதும். இனி கேட்க வேண்டியவன் நான், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீங்கள் கத்துவீர்கள், உங்கள் மருமகளுக்குக் கேட்கும்.

என் மகள் எலியனோர் உங்களிடம் பெருமையடித்திருப்பாள். "அப்பா இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை ஆனா மியூசியம் போறாரு மாமா, மனசு தேறிட்டாரு." ஊர் பூராவும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாற்பது வருஷம் துறைமுகத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்து, ஒயரைத் தவிர வேறெதையும் நின்று பார்க்காத ஆள், அரிசி மியூசியம், தகரச் சிப்பாய் மியூசியம், பட்டு மியூசியம் என்று வாராவாரம் கிளம்பினால் பெற்ற பெண்ணுக்குப் பூரிப்பு வரத்தான் செய்யும். எதிர்வீட்டுக்காரி எனக்கு யாரோ ஒரு விதவையோடு பழக்கம் என்கிறாள். இரண்டு பேருக்கும் உண்மை தெரியாது. மச்சான், நான் போனது வேவு பார்க்க. கோட்டுப் பையில் என் பழைய கட்டிங் பிளேயர் இருந்தது.

கோபப்படாமல் மேலே படியுங்கள். ருஸாஃபா சந்தையில் ஃபினாவின் காய்கறிக் கடைக்கு பொம்மைக் கலைஞர் பெலெகிரி வந்து தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல. "யோவ், அது என்ன உன் வீட்டுக் களிமண்ணா? அமுக்கினத எல்லாம் வாங்கிட்டுப் போய்யா!" என்று அவள் போட்ட சத்தம் மீன் பகுதி வரை கேட்டது. மனிதர் பேசாமல் அரைக்கிலோ வாங்கிக்கொண்டு போனார், போய்ச் செய்த வேலையைத்தான் மறு வருஷம், 1987-இல், ஃபாயா திருவிழாவின் பொம்மைக் கண்காட்சியில் பார்த்தோம். ஆளுயரக் காய்காரி. ஒரு கை இடுப்பில், வாய் காது வரை, இன்னொரு கையின் கட்டைவிரல் தராசுத் தட்டை அமுக்கிக்கொண்டிருக்கிறது. முகம் அச்சு அசல் நம் ஃபினா. நிறுத்து முடித்த பிறகு மேலே ஒரு தக்காளி சேர்த்துப் போடுகிற பழக்கம் அவளுக்கு, அது நம் எல்லோருக்கும் தெரியும். அவளுக்குப் போய் அந்த விரல்.

நம் ஊரில் பொம்மையாக்கப்பட்டவர் முகம் சுளிக்கக் கூடாது. மேயரோ மீன்காரரோ, ஊர் கூடிச் சிரிக்கும், சூசையப்பர் திருநாளன்று எல்லாப் பொம்மையையும் தெருவிலேயே கொளுத்திவிடுவோம், கேலியும் அதோடு சாம்பல், மறுநாள் அவரவர் வேலை. ஆனால் வருஷத்துக்கு ஒன்றை மட்டும் ஜனங்கள் ஓட்டுப் போட்டு நெருப்பிலிருந்து காப்பாற்றி மியூசியத்துக்கு அனுப்புகிறோமே, அதன் கேலி எரியாது. அதனால்தான் அந்த வருஷம் ஃபினா, தான் தோற்க வேண்டும் என்று மெழுகுவர்த்தி ஏற்றினாள். குடை பிடித்துப் பறக்கும் மந்திரி பொம்மைக்கு வீடு வீடாக ஓட்டுக் கேட்டாள். நீங்களும் ரயில்வே பணிமனை ஆட்கள் அறுபது பேரைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தினீர்கள். அப்படியும் பதினோரு ஓட்டில் காய்காரி ஜெயித்தாள். மந்திரி எரிந்தார்.

அதற்குப் பிறகு அவள் பட்டதை நீங்கள் ஊர் மாறிப் போய்விட்டதால் பார்க்கவில்லை. "ஃபினா, விரல எடு!" கடையை விடும் வரை வாடிக்கைக்காரர்கள் அவளுக்குச் சொன்ன காலை வணக்கம் இதுதான். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள், அவளும் சிரித்துக்கொண்டுதான் திருப்பித் திட்டினாள். ஆனால் காயைத் தட்டில் வைத்ததும் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள், போலீஸ் துப்பாக்கி காட்டினால் நிற்கிற மாதிரி. கடையை விட்ட பிறகும் போகவில்லை அந்தப் பழக்கம். போன அக்டோபரில் ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிற மெஷினில் ஏற்றினார்கள், நாற்பத்தொரு கிலோ. அங்கேயும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். நர்ஸ் பெண் "கைய இறக்குங்கம்மா, விழுந்துருவீங்க"ன்னு சொல்றா, இவ இறக்கல. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு மத்தியானம் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். காதில் சொன்னாள்: "யோவ் பத்தீஸ்தா, அந்தக் கட்டைவிரல மட்டும் ஒடச்சிருய்யா. சத்தியம் பண்ணு." பண்ணினேன். வெளியே எலியனோர் அழுதுகொண்டே "அம்மா என்னப்பா சொன்னாங்க?" என்றாள். "உன்ன நல்லாப் பாத்துக்கச் சொன்னா" என்றேன். வேறென்ன சொல்ல?

ஒரு பொம்மை விரலை உடைக்கக் கூடத் தயாரிப்பு வேண்டும் அல்லவா, ஆகவே மியூசியக் காவலர்கள் எப்போது அசருகிறார்கள் என்று படிக்க, ஞாயிற்றுக்கிழமை அனுமதி இலவசமாக இருந்த இடமாகப் பார்த்துப் புறப்பட்டேன். முதலில் அரிசி மியூசியம். அந்தப் பழைய ஆலையில் நான் காவலரையே உற்றுப் பார்க்க, அவர் அதை அறிவுத் தாகம் என்று நினைத்து என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் உமி நீக்குவதிலிருந்து மூட்டை கட்டுவது வரை ஒன்றரை மணி நேரம் விளக்கினார், எனக்குக் கால் மரத்துப்போய் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தேன், அது காட்சிப் பொருளாம். அடுத்த வாரம் தகரச் சிப்பாய்கள். கண்ணாடிக்குப் பின்னால் லட்சக்கணக்கில் நிற்கிறார்கள், கண்ணாடியை எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்ததில் என் தொந்தி மேசையில் இடித்து உள்ளே ஒரு குதிரைப் படை முழுக்கச் சாய்ந்துவிட்டது. அங்கிருந்த பெரியவர் கோபிக்கவே இல்லை, "பரவால்ல, எப்படியும் அந்தச் சண்டையில அவங்க தோத்தவங்கதான்" என்றார். மூன்றாவது வாரம் பட்டு மியூசியத்தில் கோட்டை வாங்கி மாட்டிய பெண் பையில் கனத்தைத் தடவிப் பார்த்துவிட்டாள். "என்ன சார் இது, கட்டிங் பிளேயரா?" "பாதாம் உடைக்கம்மா." "பாதாம் எங்க?" "தின்னுட்டேன்." நான் பார்த்து முடிக்கிற வரை அவள் என் பின்னாலேயே வந்தாள், பட்டைப் பற்றி ஒரு வார்த்தை மனதில் ஏறவில்லை. திரும்பி வந்தால் எலியனோர் ஆசையாகக் கேட்கிறாள், பட்டு எப்படி இருந்ததென்று. "நல்லா வழவழன்னு இருந்துச்சு" என்றேன். சிரித்தாள். அப்புறம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள், "அம்மா இருக்கும்போது ஒரு தடவையாவது இப்படி எங்கயாச்சும் கூட்டிட்டுப் போனியாப்பா?" இல்லை மச்சான். உள்ளூர்தானே, எப்ப வேணும்னாலும் பாக்கலாம்னு இருந்துட்டோம்.

இதற்கு மேல் வேவு பார்க்க மியூசியம் இல்லை என்றான பிறகுதான் பொம்மை மியூசியத்துக்குப் போனேன். உண்மையைச் சொன்னால் மற்ற மூன்றும் அங்கே போகாமல் இருக்கக் கண்டுபிடித்த சாக்கு. இரண்டாவது அறையில், ஜன்னல் பக்கம் நிற்கிறாள். காவலுக்கு இம்மா என்று ஐம்பது வயசு அம்மாள். என்னைப் பார்த்ததும் எல்லோரிடமும் சொல்கிற வசனத்தைச் சொன்னாள்: "இந்தம்மாகிட்ட உஷாரா இருங்க, எடையில ஏமாத்திருவாங்க!" எனக்கு எங்கிருந்து வந்ததோ, "அவ ஒருநாளும் ஏமாத்தினதில்ல! நிறுத்த பிறகு மேல ஒரு தக்காளி போடுவா! உனக்கென்ன தெரியும்?" என்று கத்திவிட்டேன், அப்புறம் அங்கேயே அழுதுவிட்டேன். சுற்றுலா வந்த நாலு பேர் அது நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்கள். இம்மா கை தட்டவில்லை. பொம்மையின் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். அடுத்த ஞாயிறு போனால் பொம்மைக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. வருகிறவர்களிடம் இப்போது, "இவங்க நிறுத்த பிறகு ஒரு தக்காளி கூடப் போடுவாங்க" என்று சொல்கிறாள்.

நாலு ஞாயிறாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கட்டிங் பிளேயரை ஒரு தடவை கூட வெளியே எடுக்கவில்லை. வீட்டில் இருக்கிற போட்டோ எல்லாவற்றிலும் அவள் வாயை இறுக்கி மூடியிருப்பாள், கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்று வெட்கம். கல்யாணப் போட்டோவில் கூட அப்படித்தான். பெலெகிரி, அந்த மனுஷன், அந்த ஓட்டைப் பல்லைக் கூட விடாமல் செய்து வைத்திருக்கிறார். வாயைத் திறந்து கத்துகிற ஃபினா உலகத்தில் அங்கே மட்டும்தான் இருக்கிறாள். எனக்கு எழுபத்தேழு, அவளுக்கு முப்பத்தாறு. உட்கார்ந்தால் "யோவ், வாய மூடு, ஈ பூந்துரும்" என்று காதில் விழுகிறது. அவளை எப்படி மச்சான் நான் உடைப்பேன்?

இனி மன்னிப்புக்கு வருகிறேன், நாற்காலியில் இருந்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 1987-இல் காய்காரிக்கு நான் ஓட்டுப் போட்டேன். ஒன்றல்ல, பன்னிரண்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் துறைமுகத்திலிருந்து ஓடிப்போய், கண்காட்சிக்கு டிக்கெட் வாங்கி, ஒரு டிக்கெட்டுக்கு ஒரு ஓட்டு, போட்டுவிட்டுத் திரும்பி ஓடுவேன், பன்னிரண்டு நாள். பதினோரு ஓட்டில்தான் ஜெயித்தாள், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வரிசையில் நிறுத்திய அறுபது பேரையும் நான்தான் தோற்கடித்தேன். கேலிக்காக இல்லை. அந்த முகம் நெருப்பில் கருகி உள்ளே விழுவதை நின்று பார்க்க என்னால் முடியாது, அவ்வளவுதான். இதை அவளிடம் முப்பத்தேழு வருஷத்தில் ஒருநாள் கூடச் சொல்லவில்லை. அவள் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒவ்வொரு தடவையும் சொல்ல நினைத்தேன், பயந்துவிட்டேன். கடைசியில் என்ன ஆயிற்று? நவம்பரில் அவளையே எரித்து, ஒரு சின்னப் பெட்டியில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். நான் பன்னிரண்டு நாள் பட்டினி கிடந்து காப்பாற்றியது பொம்மையை.

ஆகவே மச்சான், அவளுக்குச் செய்த சத்தியத்தை நான் காப்பாற்றப் போவதில்லை. கட்டிங் பிளேயரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். விரல் இருந்துவிட்டுப் போகட்டும். அவள் இல்லை, அவளுடைய அண்ணன் நீங்கள்தான் இருக்கிறீர்கள், அவளுக்காக நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும், அல்லது அவளுக்குப் பதிலாகத் திட்டவாவது வேண்டும். எது செய்தாலும் கடிதத்தில் செய்யவும்.

உங்கள் முழங்கால்களுக்கு சூசையப்பர் துணையிருக்கட்டும். மகனுக்கும் மருமகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். உப்பு விஷயமாக மருமகளிடம் நான் ஏதும் எழுதவில்லை என்றும் சொல்லவும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள, சொன்ன சொல் தவறிய மைத்துனன்,
பத்தீஸ்தா

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை கடிதத்தை ஒட்டவில்லை, தபால்தலை இல்லை. இன்று ஞாயிறு, பிப்ரவரி 23. மேலே எழுதியதில் கடைசிப் பகுதியை அடித்துவிடவும். இன்று போனேன். இம்மா போன் வந்து வெளியே போனாள், அறையில் வேறு யாருமில்லை. நான் எழுந்து போய் ஃபினாவின் கையைப் பிடித்தேன். மச்சான், பிடிக்கத்தான் பிடித்தேன், ஆஸ்பத்திரியில் பிடித்த மாதிரி, அதற்கு மேல் ஒரு எண்ணமும் இல்லை. அட்டையும் பசையும்தானே, முப்பத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. கட்டைவிரல் என் கையோடு வந்துவிட்டது. இம்மா திரும்பி வந்து பொம்மையின் கையைப் பார்த்தாள், மூடியிருந்த என் கையையும் பார்த்தாள். "பழசாயி விழுந்திருச்சுன்னு நாளைக்கு எழுதி வைக்கறேன் பெரியவரே. எங்க விழுந்துச்சுன்னுதான் தெரியல." "திரும்ப ஒட்டிருவாங்களாம்மா?" "விழுந்தது கெடைச்சாதான் ஒட்டுவாங்க. இல்லாதத புதுசா செய்ய மாட்டாங்க."

விரல் என் கோட்டுப் பையில் இருக்கிறது, எலியனோர் துணி துவைக்கும் முன் இடம் மாற்ற வேண்டும். மார்ச் 19, சூசையப்பர் திருநாளன்று எங்கள் தெரு ஃபாயாப் பொம்மைகளைக் கொளுத்தும்போது அதில் போட்டுவிடப் போகிறேன். அந்தப் பொம்மையில் அது ஒன்றுதான் அவளுடையது இல்லை. ரயிலில் எப்படியாவது வந்து சேருங்கள், முழங்காலுக்கு நாற்காலி நான் போடுகிறேன், பக்கத்தில் நின்று பார்ப்போம். இந்தத் தடவை காப்பாற்ற நான் ஓட்டுப் போட மாட்டேன்.