ஓரத்துப் பொம்மை

மின்விசிறியைப் போட்டால் ஓரத்துப் பொம்மை தானாகக் கையைத் தூக்கியது. அணைத்தால் இறக்கிக்கொண்டது.

தேர்தலுக்கு முந்தின நாள் இதைக் கண்டுபிடித்தவர் முடிச்சார். அவர் நூல்பொம்மை ஆட்டுகிறவர். எந்த நூலையும் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுவார் என்பதால் வந்த பெயர் அது. எதைத் தொட்டாலும் சிக்கலாக்கிவிடுவார் என்பதால் வந்தது என்றும் சிலர் சொல்வார்கள். அவர் அறையில் இல்லாதபோது மட்டும்.

தேசியப் பொம்மலாட்டக் கலை மன்றத்தின் நிர்வாகக் குழுவைப் பொம்மைகள்தான் தேர்ந்தெடுக்கும். முன்பெல்லாம் ஆட்களே கை தூக்கினார்கள். யார் யாருக்குத் தூக்கினார் என்பது ஊருக்கே தெரிந்து, பாதிப்பேர் மீதிப்பேரோடு பேச்சை நிறுத்திய பிறகு இந்த ஏற்பாடு வந்தது. மேடையின் குறுக்கே ஒரு கறுப்புத் திரை. திரைக்கு முன்னால், முகமே வரையாத பொம்மைகள் வரிசையாகத் தொங்கும். எல்லாம் ஒரே அச்சு, ஒரே வெள்ளைச் சட்டை. ஒவ்வொன்றின் வலது கையிலிருந்தும் ஒரு நூல் மேலே ஏறி, கம்பியைத் தாண்டி, திரைக்குப் பின்னால் இறங்கும். பின்னால் துணித் தடுப்புகளுக்கு நடுவே ஆளுக்கொரு நூலோடு உறுப்பினர்கள் நிற்பார்கள். பெயரைப் படித்ததும் வேண்டியவர் நூலை இழுத்தால் முன்னால் பொம்மை கை தூக்கும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தேர்தல் அதிகாரி எண்ணிக்கொள்வார். ஓட்டுப் போடுகிறவருக்குப் பொம்மை தெரியாது. எண்ணுகிறவருக்கு ஆள் தெரியாது.

பெயரில் தேசம் இருந்தாலும், வந்து ஓட்டுப் போடுகிற உறுப்பினர்கள் ஒரு சின்னப் பேருந்தில் அடங்கிவிடுவார்கள். குழுவின் மற்ற இடங்களுக்கு வழக்கமான ஆட்களே போட்டியில்லாமல் வந்துவிட்டார்கள். பட்டறைப் பொறுப்பாளர் இடத்துக்கு மட்டும் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் முடிச்சார். இன்னொருவர் கையுறைக்காரர். கையில் மாட்டி ஆட்டும் பொம்மைகள் அவருடையவை. மொத்தமும் ஒரு தோள்பைக்குள் போய்விடும்.

முடிச்சாரின் பொம்மைகள் ஆளுயரம். அவை தொங்க உயரமான கூரை வேண்டும். மன்றக் கட்டடத்தின் கீழ்த்தளப் பட்டறையில் மட்டும்தான் அப்படி ஒரு கூரை இருந்தது. பல வருடங்களாக அங்கேதான் அவர் பிழைப்பு. கையுறைக்காரர் வந்தால் அதில் பாதி உயரத்தில் பலகை அடித்து, மேலே கூட்ட அறை, கீழே சாமான் அறை என்று ஆக்கிவிடப்போவதாக ஏற்கெனவே சொல்லிவிட்டார். முடிச்சாரின் வீட்டிலோ அவரே குனிந்துதான் நடக்க வேண்டும்.

இந்த நிலைமையில் ஒரு பொம்மை காற்றுக்கெல்லாம் கை தூக்கினால் எப்படி?

"நாளைக்கு அவர் பேரைப் படிக்கிற நேரத்துல இது தூக்கிச்சுன்னா, அவருக்கு ஒரு ஓட்டு கூட," என்றார் மனைவியிடம். அவளும் மன்ற உறுப்பினர். பொம்மைகளுக்குச் சட்டை தைக்கிறவள்.

"உங்க பேரைப் படிக்கிறப்ப தூக்கினா?"

"அது தூக்காது. என் ராசி எனக்குத் தெரியும்."

"ஏங்க, விசிறியை அணைச்சா போதாதா?"

அவ்வளவு சுலபமான வழி எதுவும் முடிச்சாருக்குப் பிடிக்காது. புழுக்கமாக இருக்கிறது என்று யாராவது போட்டுவிட்டால்? மீன்வலையில் கோக்கிற ஈயக் குண்டுகளை வாங்கி வந்து ஓரத்துப் பொம்மையின் சட்டைக் கைக்குள் ஒன்றை வைத்தார். கை அசையவில்லை. ஆனால் ஒரு கை மட்டும் கனமாக இருந்தால் நியாயமில்லையே. வரிசை முழுவதற்கும் ஈயம் வைத்தார்.

மாலையில் ஒத்திகைக்கு வந்த உறுப்பினர்கள் நூலை இழுத்துப் பார்த்தார்கள். கை பாதி தூரம் எழும்பி, யோசித்து, விழுந்தது. முடிச்சார் சும்மா இருக்கவில்லை. நூலை எப்படிப் பிடிக்க வேண்டும், எந்த விரலால் சுண்ட வேண்டும் என்று ஒரு வகுப்பே எடுத்துவிட்டார். கேட்டுக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் பால்பல் விழுவதற்கு முன்பே பொம்மை ஆட்டத் தொடங்கியவர்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருவர் நன்றி என்றார், கொட்டாவியைவிட மோசமாக.

அதோடு விட்டிருக்கலாம். பாதி எழும்பின கையை ஓட்டு என்று எண்ணிவிடுவார்களோ என்று பயம் வந்துவிட்டது. தேர்தல் அதிகாரி ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர். விதி பேச உட்கார்ந்தால் அவருக்குப் பசியே எடுக்காது. அவரிடம் போய், கை தலைக்கு மேலே போனால்தான் ஓட்டு, மற்றதெல்லாம் செல்லாது என்று ஒரு விதியைச் சேர்க்க வைத்தார்.

அப்போது மச்சான் கேட்டான். மனைவியின் தம்பி, நிழல்பொம்மை ஆட்டுகிறவன். எல்லார் காதிலும் விழும்படிதான் கேட்டான்.

"அத்தான், நீங்க உங்களுக்கே போட்டுப்பீங்களா?"

"நானா? என் நூல் சும்மா தொங்கும். ஜெயிச்சா நீங்க போட்டு ஜெயிக்கணும். இல்லைன்னா வேண்டாம்."

சொன்ன பிறகு அது அவருக்கே கம்பீரமாக இருந்தது.

எல்லோரும் போன பின் ஓரத்துப் பொம்மையைக் கடைசியாக ஒருமுறை இழுத்துப் பார்த்தார். ஈயம் சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு கீழே விழுந்தது. மனைவி வீட்டுக்குப் போயிருந்தாள். கூப்பிட்டால் விசிறியைப் பற்றி மறுபடி கேட்பாள். அவரே ஊசியை எடுத்தார். மேடையில் ஒரே ஒரு விளக்கு. தையலும் அவர் தொழில் இல்லை. ஆனால் முடிச்சு அவர் தொழில். இந்தத் தடவை கிழியவே கூடாது என்று நெருக்கமாகத் தைத்து, ஏழெட்டு முடிச்சுப் போட்டார்.

மறுநாள் எந்த நூல் யாருக்கு என்று பிரித்துக்கொண்டபோது ஓரத்து நூலை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். தான் பழுதுபார்த்ததைத்தான் நம்பலாம். பக்கத்துத் தடுப்பில் மனைவி நின்றாள். அவளுக்கு அப்பால் மச்சான், தலை செதுக்குகிற தச்சர், மற்றவர்கள். மேடையின் ஓரத்தில் திரைக்காரர் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். பேச்சே இல்லாத மனிதர்.

முதலில் கையுறைக்காரர் பெயரைப் படித்தார்கள். கம்பியில் நூல்கள் உரசும் சத்தம் தகரக்கூரையில் மழை மாதிரி கேட்டது. வெகுநேரம் கேட்டது.

பிறகு முடிச்சார் பெயர்.

சத்தமே இல்லை. அவர் காத்திருந்தார். பட்டறையில் தொங்கும் பொம்மைகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. யாராவது ஒருவர் இழுக்கக்கூடாதா என்று நினைத்தார். யாரும் இழுக்கவில்லை. கம்பீரத்தை மடித்து வைத்துவிட்டு, நூலைப் பிடித்து இழுத்தார். சரக்கென்று பக்கத்தில் நூல் உரசியது. விரலில் நல்ல கனம் தெரிந்தது. முடிச்சு நின்றுவிட்டது என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

தேர்தல் அதிகாரி முடிவைப் படித்தார். கையுறைக்காரருக்கு முப்பத்தொன்று. முடிச்சாருக்கு ஒன்று. கை தூக்காமல் முழுசாக எழும்பிக் குதித்த பொம்மை ஒன்று, விதிப்படி செல்லாது.

எல்லோரும் சிரித்தார்கள். முடிச்சார்தான் அதிகம் சிரித்தார். அன்றைக்கு அவருக்குச் சிரிக்க வேறு எதுவும் இல்லை. "கையுறை ஆளுங்களுக்கு நூல் எங்க பழக்கம்?" என்றார்.

தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

வாசலில் தச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒண்ணு நான் போட்டதுதான், வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க என்றார். தேநீர்க் கடையில் மச்சான் தோளில் கைபோட்டு அதையே சொன்னான். கையுறைக்காரரே வந்து, போட்டியாளருக்குப் போடுவதுதான் மரியாதை என்பதால் தன் ஓட்டு முடிச்சாருக்குத்தான் விழுந்தது என்றும், பட்டறையை மாதக் கடைசிக்குள் காலி செய்தால் போதும் என்றும் சொன்னார். ஆட்டங்களுக்குப் பின்னணி வாசிக்கிறவர் முதுகுவலியால் தேர்தலுக்கே வரவில்லை. அவர்கூடத் தொலைபேசியில், "உங்களுக்குப் போட்டும் ஜெயிக்க முடியலையே" என்று வருத்தப்பட்டார்.

முடிச்சார் எல்லோருக்கும் நன்றி சொன்னார். வேறு வழியில்லை. அந்த ஓட்டு என்னுடையது என்று சொன்னால், அத்தனை பேர் முன்னால் சொன்ன வார்த்தை என்ன ஆவது? ஒரே ஓட்டுக்கு இத்தனை உரிமையாளர்கள். உண்மையான உரிமையாளர் மட்டும் வாயைத் திறக்க முடியாது.

ஒரு வாரம் தாங்கினார். அடுத்த வாரம் மச்சான் வீட்டுக்கு வந்து, பேச்சுவாக்கில் மறுபடியும் தொடங்கினான்.

"என்ன இருந்தாலும் அத்தான், நான் ஒருத்தன் உங்க பக்கம் நின்னேன் பாருங்க."

"நிறுத்துடா. அந்த ஓட்டு நான் போட்டது."

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நீங்களா? நூல் சும்மா தொங்கும்னீங்களே."

"தொங்கல. இழுத்தேன். நீங்க ஒருத்தரும் இழுக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சதும் இழுத்தேன். இப்ப சொல்லு, நீ யாருக்குப் போட்டே?"

மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மறுநாளே செய்தி மன்றம் முழுக்கப் பரவியது. தனக்குத்தானே போட்டுக்கொண்டவர் என்று, கடையில் அவர் நுழைந்ததும் யாரோ காற்றில் நூல் இழுத்துக் காட்டினார்கள்.

ஒருமுறை வெளியே வந்துவிட்டதை முடிச்சார் ஆயுதமாக்கிக்கொண்டார். தச்சர் செதுக்கித் தந்திருந்த தலைகளை எல்லாம் கழற்றி, ஒரு சாக்கில் போட்டு, அவர் வாசலில் கொட்டிவிட்டு வந்தார். பின்னணி வாசிக்கிறவரைக் கூப்பிட்டு, முதுகுவலி நாக்குக்கு இறங்கிவிட்டதா என்று கேட்டார். கையுறைக்காரரை மட்டும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. முடிச்சாரைப் பார்த்தாலே அவர் சிரித்தார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"நானும் உங்களுக்குத்தான் போட்டேன்."

"நீயுமா?"

"நீங்க ஜெயிக்கணும்னு எனக்கு ஆசையில்ல. ஜெயிச்சா அந்தப் பட்டறைதான் உங்களுக்கு வீடு. ஆனாலும் இழுத்தேன். வேற யாரும் இழுக்க மாட்டாங்கன்னு தெரியும்."

அவள் பேசினால் அளவாகத்தான் பேசுவாள். இவ்வளவு நீளமாகப் பேசியதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"இருந்தது ஒரே ஓட்டு. அது நான் போட்டது. உன் தம்பியாவது ஒரு வரியில பொய் சொன்னான். நீ ஒரு பொய்க்கு எதுக்கு இவ்வளவு தையல் வேலை பண்றே?"

இயந்திரம் நின்றது. அவள் ஊசியிலிருந்து நூலை உருவி, கண்டில் சுற்றி வைத்தாள்.

"சரி," என்றாள்.

ஏதாவது சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. சோறு போட்டாள். மறுநாள் அவர் வெளியே போய்விட்டு வந்தபோது தையல் இயந்திரம் இல்லை. அது நின்ற இடத்தில் தரையில் நாலு பள்ளங்கள் மட்டும் இருந்தன. தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். நன்றாகப் போகட்டும், பொய்யர்கள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கட்டும் என்று, கேட்காமலே பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார்.

மாதக் கடைசியில் பட்டறையைக் காலி செய்யப் போனார். தலையில்லாத பொம்மைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கைகால்களை மடக்கிக் கட்டினார். மேலே ஆட்கள் பலகைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் முடித்துவிட்டு மேடைப்பக்கம் வந்தபோது, திரைக்காரர் தேர்தல் பொம்மைகளை இறக்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

வேறு யாரும் இல்லை. முடிச்சார் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். இத்தனை வருட உழைப்புக்கு ஒரு ஆள் நூலை இழுக்கவில்லை. அதைவிட மோசம், இழுத்ததாகச் சொன்னார்கள். கட்டின பெண்டாட்டியே சொன்னாள். அவள் கண்ணைப் பார்த்துப் பொய் என்று சொல்லிவிட்டேன், இன்னும் திரும்பி வரவில்லை, வர வேண்டியதும் இல்லை.

திரைக்காரர் கேட்டுக்கொண்டே ஓரத்துப் பொம்மைக்கு வந்தார். கழற்றுவதற்கு முன் பழக்கதோஷத்தில் நூலை ஒருமுறை இழுத்தார். கை எழும்பவில்லை. சட்டைக் கை இடுப்போடு சேர்த்துத் தைக்கப்பட்டு, ஏழெட்டு முடிச்சுகளோடு கெட்டியாக இருந்தது. பொம்மை முழுசாக எழும்பிக் குதித்துவிட்டுத் தொங்கியது.

"நான் ஓரத்துல நின்னதால ரெண்டு பக்கமும் தெரிஞ்சுதண்ணே," என்றார் திரைக்காரர், முடிச்சைப் பிரிக்கப் பார்த்தபடி. "அன்னைக்குக் குதிச்சது உங்களோடது, கை தூக்கினது அண்ணி பொம்மை."