ஏழாம் நம்பர் கிணற்றில் குறைந்த இரண்டு

"நீ பத்து லட்சம் கன அடி வரும்னு சொன்னே. எட்டுதான் வருது," என்றார் மேலாளர். "வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டும் ஒத்துப்போகலைன்னா உன்னைத் தளத்துக்கே மாத்திடுவேன்."

எந்தக் கிணற்றில் எவ்வளவு வாயு வரும் என்று கணிக்கிற கணிப்பாளர் நாட்காட்டியைப் பார்த்தார். தளம் என்றால் கிணற்றோரத் தகர அறை. தகர அறைக்கு வர மாட்டேன் என்று மனைவி முன்பே சொல்லிவிட்டாள்.

பூமிக்கடியில் இருக்கும் களிப்பாறைக்குள் தண்ணீரைப் பேரழுத்தத்தில் செலுத்தி, விரிசல் உண்டாக்கி, வாயு எடுக்கிற நிறுவனம் அது. அந்த விரிசலை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் கணினிக்குள் அதை இஷ்டத்துக்கு நீட்டலாம், சுருக்கலாம். கணிப்பாளர் கொஞ்சம் சுருக்கினார். ஏழாம் நம்பர் கிணற்றின் கணிப்பு எட்டுக்கு இறங்கியது. வழக்கம்போல மேலாளருக்கு ஒரு நகல், தளத்துக்கு ஒரு நகல் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் தளத்திலிருந்து, அன்றன்று வந்த வாயுவின் அளவை எழுதும் படிவம் வந்தது. ஆறு.

பல்லைக் கடித்துக்கொண்டு கணிப்பை ஆறாக்கினார். அடுத்த நாள் நாலு வந்தது.

"படிவத்துல ஏதாவது விட்டுப்போச்சா?" என்று மேலாளரிடம் கேட்டுப் பார்த்தார்.

"ஒரு கட்டம் காலியா இருந்தாலும் நான் திருப்பி அனுப்பிடுவேன். அதெல்லாம் சுத்தமா இருக்கு. உன் கணக்குதான் குப்பை."

வீட்டில் மனைவி பாதிச் சமையலில் நின்றிருந்தாள். "சிலிண்டர் தீந்துபோச்சு. பூமிக்குள்ள இருக்கறதை அளக்கறீங்க, அடுப்புக்குக் கீழ இருக்கறது தெரியலையா?"

அந்தக் கோபம் வியாழக்கிழமை கணினி மீது பாய்ந்தது. விரிசலைப் பக்கத்து ஊர் பேருந்து நிலையம் வரைக்கும் நீட்டி, நாற்பது என்று அனுப்பினார். எப்படியும் தகர அறைதான், மானத்தோடு போவோம் என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை படிவம் வந்தது. முப்பத்தெட்டு.

மேலாளர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "நாலுலேர்ந்து முப்பத்தெட்டு! டைரக்டருக்குச் சொல்லிட்டேன். நீதான் இனிமே தலைமைக் கணிப்பாளர். அந்த ரெண்டு எங்கே போகுதுன்னு மட்டும் கண்டுபிடிச்சிடு. அவர் கேப்பார்."

கணிப்பாளரின் வாய் சும்மா இருக்கவில்லை. "குழாய்ல கசிவு சார்," என்றார்.

விளைவு, திங்கட்கிழமை டைரக்டர், மேலாளர், கசிவு தேடும் ஆட்கள் பதினாறு பேர், எல்லாரும் தளத்துக்குப் புறப்பட்டார்கள். கசிவு இருந்தால் குமிழி வரும் என்று குழாய் நெடுக சோப்புத் தண்ணீர் பூசினார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. டைரக்டரே மண்டியிட்டு மோந்து பார்த்தார். சோப்பு வாசனை நன்றாக இருந்தது. கணிப்பாளர் தகர அறையை ஓரக்கண்ணால் பார்த்தார். ஒரே ஒரு ஜன்னல், அதுவும் திறக்காது போலிருந்தது.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து தளக் குமாஸ்தா எட்டிப்பார்த்தார். வாரத்தில் ஏழு நாளும் படிவம் நிரப்புகிறவர்.

"தினமும் ரெண்டு லட்சம் குறையுதே, எங்கேய்யா போகுது?" என்று டைரக்டர் அவரிடம் கேட்டார்.

குமாஸ்தா கணிப்பாளரைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டார்.

"கிணத்தை மூடி ஆறு மாசமாச்சு சார். கட்டம் காலியா இருந்தா திருப்பி அனுப்பறாங்கன்னு, இந்த சார் அனுப்பற கணக்கையே எழுதறேன். அப்படியே எழுதினா நம்ப மாட்டாங்கன்னு ரெண்டை மட்டும் குறைச்சுக்குவேன்."